பூனை அடிபட்டது 11வது செகண்ட்ல, பையன் மாட்டிக்கிட்டது அதுக்கப்புறம்

தஞ்சாவூர்ல இருந்து ஒரு அம்மா வக்கீலான எனக்கு ரொம்ப நீளமா எழுதியிருக்காங்க, சுருக்கி சொல்றேன். சாக்கடை ஓரத்துல குட்டியா கிடந்ததை எடுத்துட்டு வந்து நாலு வருஷம் வளர்த்த பூனை, பேரு மணி. போன வாரம் சாயங்காலம் தெருமுனையில திரும்பின கார்ல அடிபட்டு இடுப்பெலும்பு நொறுங்கிப்போச்சு. பக்கத்துல ஒரு பிரைவேட் வெட், அதாவது கால்நடை டாக்டர்கிட்ட ஒரு நாள், அப்புறம் ஒரத்தநாடு வெட்னரி காலேஜ் வரைக்கும் தூக்கிட்டு ஓடி, மூணாம் நாள் செத்துப்போச்சு. கார்காரர் அதே தெருவுல நாலு வீடு தள்ளி இருக்கறவர், ஏற்கனவே பார்க்கிங் சண்டை, கோலத்து மேல வண்டி ஏத்தின சண்டை எல்லாம் உண்டு. அடிபட்டதும் இவங்க பையன் ஓடிப்போய் கார் சாவியை பிடுங்கியிருக்கான், அவரை ஒரு அறை விட்டிருக்கான், சைடு மிரரை உடைச்சிருக்கான். ராத்திரி சிசிடிவி வீடியோவை நம்பர் பிளேட் தெரிய ஃபேஸ்புக்ல போட்டு "கொலைகாரன்"னு எழுதி அவர் வேலை பாக்குற இடத்தையும் சேர்த்து போட்டாச்சு. ரெண்டு பக்கமும் ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட், ரெண்டுக்கும் சிஎஸ்ஆர் (எஃப்ஐஆர் போடறதுக்கு முன்னாடி, புகார் வாங்கினதுக்கு கொடுக்கற ரசீது), வர்ற திங்கட்கிழமை விசாரணை. வெட் செலவு 16,800 ரூபாயை தர்றேன்னு அவர் ஆள் விட்டு சொல்லியிருக்கார். இவங்க வேண்டாம்னுட்டாங்க. கேள்வி ஒரே வரி: "அவரை உள்ள தள்ள எந்த செக்ஷன் போடச் சொல்லணும்?"

அம்மா, மணி போனது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, எங்க வீட்டுலயும் ரெண்டு உருப்படி இருக்கு. ஆனா நீங்க எழுதினதுல முக்காவாசி எனக்கு தேவைப்படல. பார்க்கிங் சண்டை, கோலம், அவர் பொண்டாட்டி "பூனைதானே"ன்னு சொன்னது, இதையெல்லாம் ஸ்டேஷன்ல சொன்னா உங்களுக்கு பழைய பகை இருந்ததுன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆகும், அவர் வக்கீல் உங்களுக்கு நன்றி சொல்லுவார். சட்டத்துக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அவர் வேணும்னே ஏத்தினாரா இல்லையா.

நீங்க அனுப்பின வீடியோவை ஆறு தடவை பார்த்தேன். 9வது செகண்ட்ல கார் திரும்புது, பூனை இடது பக்கம் காம்பவுண்டுல இருந்து குதிச்சு குறுக்க ஓடுது, பிரேக் லைட் எரியுது, 11வது செகண்ட்ல அடிபடுது. அந்த பிரேக் லைட்டோட உங்க கேஸ் முடிஞ்சுது. பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றவியல் சட்டம்) 325, அதாவது பழைய ஐபிசி 428, 429, மிருகத்தை கொன்னா, ஊனமாக்கினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், கூகுள்ல பார்த்துட்டு நீங்க எழுதியிருக்கற செக்ஷன் அதுதான். ஆனா அது "மிஸ்சீஃப்" வகையில வர்ற குற்றம், நஷ்டம் உண்டாக்கணும்ங்கற எண்ணமோ, இப்படி செஞ்சா நஷ்டம் வரும்னு தெரிஞ்சே செஞ்சதோ இருக்கணும். தெரிஞ்சே ஏத்தறவன் பிரேக் அடிக்க மாட்டான். பிஎன்எஸ் 281, வேகமா கண்மூடித்தனமா ஓட்டினது, அது மனுஷ உயிருக்கு ஆபத்துன்னாத்தான். மிருகவதை தடுப்பு சட்டம் 1960ல 11வது செக்ஷன்ல முதல் தடவை தப்புக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய், தப்பா படிக்கல, ஐம்பது ரூபாய்தான், அந்தத் தொகை பல வருஷமா அப்படியே இருக்கு. அதுவும், ஒண்ணு ரெண்டு உட்பிரிவு தவிர, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாத வகை.

இது நான் மட்டும் சொல்றதில்ல. 2020ல மும்பைல ஒரு டெலிவரி பையன் பைக்ல போகும்போது குறுக்க வந்த நாய் அடிபட்டு செத்துப்போச்சு, அவனும் கீழ விழுந்து அடிபட்டான், இதே செக்ஷன்ங்களை போட்டு எஃப்ஐஆர் ஆச்சு. 2022 டிசம்பர்ல பாம்பே ஹைகோர்ட் அதை ரத்து பண்ணினது மட்டுமில்லாம அந்தப் பையனுக்கு 20,000 ரூபாய் கொடுக்கணும், அந்தப் பணத்தை கேஸ் போட்ட அதிகாரிங்ககிட்ட இருந்து வசூல் பண்ணணும்னு சொல்லிடுச்சு. அதே 2022ல கர்நாடக ஹைகோர்ட்டும் ஒரு வளர்ப்பு நாய் கேஸ்ல, கார்காரருக்கு அந்த நாய் மேல என்ன பகை, கொல்லணும்ங்கற எண்ணம் எங்க இருக்குன்னு கேட்டு கேஸை தள்ளிடுச்சு. மோட்டார் வாகன சட்டம் 134, விபத்து நடந்தா நிக்கணும் தகவல் சொல்லணும்ங்கறது, அதுவும் மிருகத்துக்கு பொருந்தாதுன்னு சேர்த்து சொல்லிடுச்சு. இதெல்லாம் வேற ஸ்டேட் தீர்ப்பு, நம்ம ஹைகோர்ட்டை கட்டுப்படுத்தாதுதான். ஆனா கைக்காசு போகும்னு ஒரு தீர்ப்பு இருக்கும்போது எந்த இன்ஸ்பெக்டர் உங்களுக்காக பேனாவை எடுப்பார்னு யோசிச்சு பாருங்க.

"தெருவுல குழந்தைங்க விளையாடிட்டு இருந்தாங்கன்னு சேர்த்து எழுதினா 281 நிக்கும்"னு யாரோ ஐடியா கொடுத்ததா எழுதியிருக்கீங்க. வீடியோல ஒரு குழந்தையும் இல்ல. பொய் தகவல் கொடுத்தா அதுக்குன்னு தனி செக்ஷன் இருக்கு, அது உங்க மேல வரும். அந்த ஐடியா கொடுத்தவர் சாட்சி சொல்ல வருவாரான்னு கேட்டுப் பாருங்க, வரமாட்டார்.

நஷ்டஈடு கேட்க வழி இருக்கான்னா இருக்கு. சட்டத்துக்கு பூனை ஒரு சொத்து, கேக்க கஷ்டமா இருந்தாலும் அதுதான் நிலைமை. மூணாம் நபர் சொத்துக்கு சேதம்னு ஆக்சிடென்ட் ட்ரிப்யூனல்ல மனு போடலாம், மாடு செத்ததுக்கு பணம் வாங்கினவங்க இருக்காங்க. 6 மாசத்துக்குள்ள போட்டுடணும். ஆனா இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கிற முதல் கேள்வி பூனையை என்ன விலைக்கு வாங்கினீங்க, ரெண்டாவது பூனை உங்களுதுங்கறதுக்கு என்ன பேப்பர் இருக்கு, மூணாவது அதை ஏன் ரோட்டுல விட்டீங்க. சாக்கடை ஓரத்துல எடுத்த நாட்டுப் பூனைக்கு மார்க்கெட் விலை என்னன்னு கோர்ட்டுல நின்னு பதில் சொல்ற நிலைமை உங்களுக்கு வேண்டாம். மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம்னு எழுதியிருக்கீங்க, அதை மறந்துடுங்க. கடைசியில மிஞ்சினா அதே வெட் பில் தொகைதான், அதைத்தான் அந்த மனுஷன் இப்பவே தர்றேங்கறார்.

இப்ப நான் எதுக்கு பயப்படுறேன்னு சொல்றேன். நீங்க அனுப்பின வீடியோ 4 நிமிஷம் ஓடுது. அதுல பூனைக்கு நடந்தது ரெண்டு செகண்ட், மிச்சம் பூராவும் உங்க பையன்தான். சாவியை பிடுங்கறான், அறையறான், மிரரை காலால உதைக்கறான், எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. ஆதாரம்னு நீங்களே ஊருக்கெல்லாம் பரப்பியிருக்கீங்களே, அந்த ஆதாரம் அவனுக்கு எதிரானது, எதிர்ப்பார்ட்டி சிசிடிவிக்கு அலையவே வேண்டாம், உங்க ஃபேஸ்புக்ல இருந்து டவுன்லோட் பண்ணிட்டு போனா போதும்.

எஃப்ஐஆர் எப்படி வரும்னு நான் இங்க உக்காந்தே எழுதிடுவேன். வழிமறிச்சதுக்கு 126(2), கெட்ட வார்த்தைக்கு 296(பி), அடிச்சதுக்கு 115(2), மிரட்டலுக்கு 351, பழைய காலத்துல எல்லா ஸ்டேஷன்லயும் மந்திரம் மாதிரி சொல்லுவாங்களே 294(பி), 323, 506னு, அதோட புது நம்பர்தான் இது. இதோட நின்னா பரவாயில்ல, பெரும்பாலும் பெயில்ல வந்துடலாம். நிக்காது, ஏன்னா மிரர் உடைஞ்சிருக்கு. தமிழ்நாடு சொத்து சேதத் தடுப்பு சட்டம் 1992னு ஒண்ணு இருக்கு, டிஎன்பிபிடிஎல்னு சொல்லுவோம், அரசு பஸ் கண்ணாடிக்காக வந்தது, அப்புறம் தனியார் சொத்துக்கும் நீட்டிட்டாங்க. அதுல நான்-பெயிலபிள், குறைஞ்சது ஒரு வருஷம், 5 வருஷம் வரைக்கும் போகலாம். 2,000 ரூபாய் மிரருக்கு இதைப் போடுவாங்களான்னு கேப்பீங்க, போடுவாங்க.

என் பழைய கிளையண்ட் ஒருத்தர், அவருக்கு நாய். ஆட்டோவுல அடிபட்டு செத்துடுச்சு, கோவத்துல அவர் தம்பி ஆட்டோ கண்ணாடியை உடைச்சிட்டான். ஆட்டோக்காரர் அன்னிக்கே சமாதானமா போக ரெடியா இருந்தார். இவங்க "நியாயம் எங்க பக்கம், நாங்க ஏன் இறங்கி போகணும்"னு உக்காந்துட்டாங்க. அஞ்சாம் நாள் எஃப்ஐஆர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரெஸ்ட், (சனி, ஞாயிறு கோர்ட் லீவு, உடனே பெயில் வாங்க முடியாது, அதான் வெள்ளிக்கிழமை), பெயில் வாங்கி தம்பியை வெளிய கொண்டு வர 9 நாள் ஆச்சு. நாய் கேஸ் என்னாச்சுன்னா, பதிவே ஆகல. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் வாய்தாவுக்கு வந்தாங்க, கடைசியில ரெண்டு பார்ட்டியும் சேர்ந்து மதுரை பெஞ்சுல ரத்து மனு போட்டு முடிச்சோம். முதல் நாள் ஆட்டோக்காரர் கேட்டதை விட பல மடங்கு எனக்கே ஃபீஸா கொடுத்தாங்க, எனக்கு வருமானம்தான், ஆனாலும் சொல்றேன்.

உங்க பையன் சிங்கப்பூர் வேலைக்கு பாஸ்போர்ட் ரினியூவலுக்கு போட்டிருக்கான்னு கடிதத்துல ஒரு ஓரத்துல எழுதியிருக்கீங்க. மொத்த கடிதத்துலயும் எனக்கு முக்கியமா பட்டது அந்த வரிதான், நீங்க அதை கடைசில கொண்டு போய் வச்சிருக்கீங்க. வெறும் எஃப்ஐஆர் மட்டும் இருந்தா சட்டப்படி பாஸ்போர்ட்டுக்கு தடை இல்ல, கோர்ட்டுல வழக்கு நிலுவையில இருந்தாத்தான் பிரச்சனை. ஆனா வெரிஃபிகேஷன்ல ஸ்டேஷன்காரங்க ஒரு வரி பாதகமா எழுதி அனுப்பினா நீங்க அதுக்கு விளக்கம் கொடுத்து, ஹைகோர்ட்ல ஆர்டர் வாங்கி, இதெல்லாம் முடியறதுக்குள்ள கம்பெனி வேற ஆளை எடுத்துட்டு போயிடும்.

இன்னொண்ணு. நீங்க அவருக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கீங்க, "ரெண்டு லட்சம் கொடுங்க, இல்லைன்னா வீடியோவை உங்க மேனேஜருக்கு அனுப்புவேன்"னு. அம்மா, இதை படிச்சதும் நான் டீயை கீழ வச்சிட்டேன். பயமுறுத்தி பணம் கேட்டா அதுக்கு பேரு எக்ஸ்டார்ஷன், பிஎன்எஸ் 308. துக்கத்துல சொன்னதுன்னு எனக்கு புரியும், பேப்பர்ல அது புரியாது. இதுவரைக்கும் அவர் அதை கம்ப்ளைன்ட்டுல சேர்க்கலைன்னா அவர் வக்கீல் வைக்கலைன்னு அர்த்தம். வக்கீல் வைக்கறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க.

அதனால நான் சொல்றது, திங்கட்கிழமைக்கு முன்னாடியே சமாதானம் பேசுங்க. நீங்க போக வேண்டாம், பையன் சுத்தமா போக வேண்டாம், ரெண்டு வீட்டுக்கும் பொதுவான பெரியவர் யாராவது இருந்தா அவரை அனுப்புங்க. அவர் வெட் பில்லை கொடுக்கட்டும், நீங்க மிரர் செலவை கொடுங்க, கழிச்சுக்கிட்டு மிச்சத்தை வாங்கினாலும் சரி. பணம் கையில வாங்காதீங்க, ஜிபேல வாங்குங்க, குறிப்புல "பூனை சிகிச்சை செலவு"ன்னு போடச் சொல்லுங்க, நாளைக்கு மிரட்டி வாங்கினாங்கன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது. ஃபேஸ்புக் போஸ்ட்டை இன்னிக்கே எடுத்துடுங்க, ஷேர் பண்ணின சொந்தக்காரங்களையும் எடுக்கச் சொல்லுங்க, அவதூறு கேஸ்னு தனியா ஒண்ணு கிளம்பாம இருக்கணும். ஆனா வீட்டு டிவிஆர்ல (சிசிடிவி ரெக்கார்டர்ல) இருக்கற ஒரிஜினல் ரெக்கார்டிங்கை அழிச்சிடாதீங்க, விசாரணை நடக்கும்போது ஆதாரத்தை அழிச்சதுன்னு அது வேற ஒரு வம்பு.

ஸ்டேஷன்ல எழுதி கொடுக்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதுவாங்க, "என் மகன் கோபத்தில் அடித்து காரை சேதப்படுத்தியது உண்மை, மன்னிக்கவும்"னு. அது மன்னிப்பு கடிதம் இல்ல, கையெழுத்து போட்ட ஒப்புதல். போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் கோர்ட்டுல செல்லாதுன்னு யாராவது சட்டம் பேசுவாங்க, கோர்ட் வரைக்கும் போறதுக்கு முன்னாடி அந்த பேப்பரால என்னென்ன நடக்கும்னு அவங்களுக்கு தெரியாது. "எங்களுக்குள் ஏற்பட்ட வாய்த்தகராறு பேசி சமாதானமாகிவிட்டது, இரு தரப்பும் தத்தம் புகாரை திரும்பப் பெறுகிறோம், மேல்நடவடிக்கை தேவையில்லை", இவ்வளவு போதும். ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போடணும், ரெண்டு காப்பி. நீங்க மட்டும் வாபஸ் வாங்கிட்டு வந்து, அவரோட சிஎஸ்ஆர் அப்படியே உயிரோட கிடந்து மூணு மாசம் கழிச்சு எஃப்ஐஆரா எந்திரிச்சதை ரெண்டு தடவை பார்த்திருக்கேன். ரெண்டு சிஎஸ்ஆர் நம்பரும் குளோஸ் ஆச்சுன்னு எழுதி வாங்காம அந்த கேட்டை தாண்டாதீங்க.

அவர் கடைசி நேரத்துல மாட்டேன்னு முறுக்கினா மட்டும் எனக்கு போன் பண்ணுங்க, பையனுக்கு முன்ஜாமீன் போட்டுடலாம், அதுவரைக்கும் அவன் அவங்க வீட்டு வாசல் பக்கம் போகவே கூடாது. திங்கட்கிழமை போகும்போது வெட் பில், தடுப்பூசி கார்டு எல்லாம் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துட்டு போங்க, ஒரிஜினல் வீட்டுல இருக்கட்டும்.