டிரெயில் ரன்னிங்குக்குத் தனி ஷூ எதற்கு?

டிரெயில் ரன்னிங் என்றால் தார்ச்சாலையை விட்டு மண், கல், வேர் நிறைந்த பாதையில் ஓடுவது. ரோட்டு ஷூவின் தட்டையான அடிப்பாகம் ஈர மண்ணிலும் சரளையிலும் வழுக்கும். அதனால்தான் டிராக்டர் டயரைப் போல டிரெயில் ஷூவின் அடியில் ரப்பர் முட்டுகள். தொடக்கத்துக்கு 4 மி.மீ. உயரம் போதும், சேறு அதிகமென்றால் 6.

பிடிப்பைவிட அளவுதான் முக்கியம் என்பேன். இறக்கத்தில் பாதம் ஷூவுக்குள் முன்னால் சரியும். விரல் முட்டி முட்டி நகம் கறுத்துப்போகும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் மட்டும் அசையக் கூடாது.

வாட்டர்புரூஃப் ஷூ போட்டால் கால் நனையாது என்பார்கள். ஓடையில் கணுக்கால் வரை இறங்கினால் தண்ணீர் மேல்வழியாகப் புகும். புகுந்தது லேசில் வடியாது.