11 மாத்திரைகள் ஏன் மிஞ்சின?

கேள்வி: செம்பூரில் வசிக்கிறோம், நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பா காலமான பிறகு, 73 வயதான அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து இங்கே அழைத்து வந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, கால் வீக்கம் என்று நாளுக்கு 7 மாத்திரைகள். செவ்வாயும் வெள்ளியும் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய் வருவதுதான் இந்த ஊரில் அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல். சஷ்டி, கிருத்திகை என்றால் விரதம். காலை 9 மணிக்கு ரயிலில் இருந்தபடியே போன் செய்து கேட்டால் "போட்டாச்சு" என்பார். சென்ற வாரம் அலமாரியை ஒழித்தபோது எண்ணிப் பார்த்தேன். 5 வாரங்களுக்கு முன் வாங்கியவற்றில் மற்ற மாத்திரைகள் 2, 3 தான் மிஞ்சியிருந்தன. நீர் பிரிவதற்கான மாத்திரை மட்டும் 11 இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அழுதுவிட்டார். பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுத்துவிடு என்கிறான் சென்னையில் இருக்கும் தம்பி. அப்படிச் செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: தம்பியின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் மாத்திரைகளில் பல, மருந்தை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும்படி செய்யப்பட்டவை. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று போட்டிருப்பது அதைத்தான் குறிக்கிறது. அவற்றைப் பொடித்தால் ஒரு நாளைக்கான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் பிசைந்து கொடுக்கும் சோற்றையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நீங்கள் எண்ணிப் பார்த்தது நல்ல காரியம். மறதியால் விட்டுப்போகிறது என்றால் எல்லா மாத்திரைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் 11 மிஞ்சியிருக்கிறது என்றால், அதை அவர் தெரிந்தேதான் தவிர்க்கிறார். 5 வாரத்தில் செவ்வாயும் வெள்ளியுமாக 10 நாட்கள், வேறு கிழமையில் வந்த கிருத்திகை ஒன்றைச் சேர்த்தால் 11. நீர் மாத்திரைகளில் சில, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, 6 மணி நேரம் வரை ஆளை ஒரு இடத்தில் இருக்க விடாது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு கோயில் வரிசையில் நிற்பது எப்படி? கழிவறை எங்கே என்று யாரிடம், எந்த மொழியில் கேட்பது? என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் காரணத்தைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லக் கூசுகிற முதியவர்கள் பலர்.

ஆகவே இனிமேல் போனில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "போட்டாச்சு" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கேட்கப்பட்ட பிள்ளையின் நிலைமைதான் அது. "இந்த மாத்திரை போட்டால் என்ன தொந்தரவு செய்கிறது அம்மா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் காய் நறுக்கிக்கொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது விரதம். சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமெப்பிரைடு போன்றவை அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு அதைப் போட்டுக்கொண்டால் வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், குழப்பம் என்று தொடங்கி மயக்கம் வரை போகலாம். பகலில் அவர் தனியாக இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. விரத நாளில் எதை விடுவது, எதைக் குறைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அதை விரதபங்கம் என்று எண்ணாமல் செய்ய வேண்டும் என்பதை, முடிந்தால் அவர் மதிக்கும் குருக்கள் வாயால் சொல்ல வையுங்கள். நீங்களும் நானும் சொல்வதைவிட அது எடுபடும்.

தைராய்டு மாத்திரைக்கு எதிரி காலை காப்பி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். 5 மணிக்கே டிக்காஷன் இறக்கிவிடும் தலைமுறையிடம் காப்பியைத் தள்ளிப்போடச் சொல்வதைவிட, மாத்திரையை முன்னால் கொண்டுவருவது எளிது. தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர், அதன் மூடிமேல் அன்றைய மாத்திரை. எழுந்ததும் அதை விழுங்கிவிட்டுப் பல் தேய்த்து, குளித்து, கோலம் போட்டு, விளக்கேற்றி முடித்தால் காப்பிக்கு நேரம் சரியாக இருக்கும். மற்ற மாத்திரைகளையும் இப்படியே அவருடைய நாளில் ஏற்கெனவே இருக்கும் காரியங்களோடு முடிச்சுப் போடுங்கள். செல்போன் அலாரத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது அடிக்கும்போது குக்கரும் விசிலடித்துக்கொண்டிருக்கும்.

வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி வாங்கலாம். ஆனால் மும்பை மழைக்காலத்து ஈரக் காற்றில், அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள் சில நமுத்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். எவற்றை அட்டையோடுதான் வைத்திருக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையை ஒவ்வொரு மாத்திரையாக வெட்டிப் போட்டும் வைக்காதீர்கள். கண் சரியாகத் தெரியாமல் அந்தத் துண்டை அப்படியே விழுங்கி, அதன் கூர் முனையால் உணவுக்குழாய் கிழிபட்டவர்கள் உண்டு. பெட்டியை அம்மாவே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். போன் செய்து விசாரிப்பதற்குப் பதிலாக, மாலையில் வந்து பெட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அட்டைகளில் இருப்பது ஆங்கிலம், கடைக்காரர் பேசுவது இந்தியோ மராத்தியோ. அம்மாவுக்கு அவை "சின்ன வெள்ளை", "நீள மஞ்சள்" என்றுதான் அடையாளம். கடையில் வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்துவிட்டால் அந்த அடையாளம் போயிற்று. என் தகப்பனார் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, பழைய அட்டை ஒன்றையும் புதிய அட்டை ஒன்றையும் வெவ்வேறு மருந்துகள் என்று நினைத்து 10 நாட்கள் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கி, எழுந்து நின்றால் கண் இருட்டிய பிறகுதான், பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த மருந்துப் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், இரண்டிலும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின். இனி வாங்கியவுடன் அந்த மருந்துப் பெயரைப் பழையதோடு ஒத்துப்பார்த்து, அட்டையின் பின்பக்கம் அழியாத மையால் "பிரஷர், காலை" என்று தமிழில் எழுதிவிடுங்கள்.

அம்லோடிபின் என்றதும் உங்கள் கடிதத்தில் இருக்கும் கால் வீக்கம் நினைவுக்கு வருகிறது. அந்த மருந்துக்குக் கால் வீங்கவைக்கும் குணம் உண்டு. அப்படி வந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவுவதுமில்லை. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீக்கம் அதனால் வந்ததா, அதை மாற்றினால் நீர் மாத்திரையே தேவைப்படாமல் போகுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதயம், சிறுநீரகம் காரணமாக வந்த வீக்கம் என்றால் நீர் மாத்திரை கட்டாயம் வேண்டும், ஆகவே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேண்டும் என்றால், கோயில் நாட்களில் மட்டும் திரும்பி வந்த பிறகு, நண்பகலில் போடலாமா என்பது அடுத்த கேள்வி. மாலைக்குத் தள்ளினால் இரவில் கழிவறைக்கு எழுந்து, இருட்டில் விழ நேரும். மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகப் போகிறது என்றால் பி12 அளவையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். அது குறைந்தால் பாதம் மரத்துப்போகும், மறதியும் வரும்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும், தைலம், லேகியம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தமிழ் பேசும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்; தேடிப் பிடியுங்கள். கோயில் விஷயத்தை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பேச விடுங்கள்.