அப்புச்சியின் சிபாப் கருவிக்கு ரயிலில் எவ்வளவு பேட்டரி வேண்டும்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) 71 வயது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் இரண்டு ஆண்டுகளாக, முகமூடி வழியே காற்றை அழுத்தி ஊதும் சிபாப் கருவி வைத்துத்தான் தூங்குகிறார். அடுத்த மாதம் ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லியில் மாமா வீட்டுக்குப் போகிறார். திரும்பும்போது விமானத்தில் கோவை வருகிறார். கருவி வாங்கித் தந்த ஏஜென்ட், 'இது 90 வாட் மிஷினுங்க, எட்டு மணி நேரத்துக்கு 720 வாட் ஹவர் லித்தியம் பேட்டரி வேணுமுங்க' என்கிறார். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். அந்தக் கணக்கில் பெருக்கல் சரி, எடுத்துக்கொண்ட எண்தான் தவறு. 90 வாட் என்பது அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு. கருவி இரவு முழுவதும் அவ்வளவு மின்சாரம் இழுப்பதில்லை. ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டியின் சூட்டையும், குழாய்ச் சூடு இருந்தால் அதையும் அணைத்துவிட்டால், காற்றை ஊதும் சிறு மோட்டார் மட்டுமே ஓடும். கருவியில் காற்றழுத்த எண்ணைப் பத்தை ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பெரும்பாலும் 60 முதல் 80 வாட் ஹவருக்குள் முடிந்துவிடும். தண்ணீர்த் தொட்டி சூடாகிக்கொண்டே இருந்தால் இது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட ஆகும்.

வாட் ஹவர் என்ற சொல் மிரட்டினால் மின்கட்டண அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஹவர். மின்சாதனக் கடைகளில் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைக்கிறது. அதைச் சுவரில் செருகி, அதில் கருவியைச் செருகி, தொட்டிச் சூட்டை அணைத்துவிட்டு அப்புச்சியை ஓர் இரவு தூங்கச் சொல்லுங்கள். காலையில் மீட்டர் 0.07 யூனிட் காட்டினால் அவருக்கு வேண்டியது 70 வாட் ஹவர். முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்தால் எண் கூடும், அதனால் புது முகமூடி மாற்றிய வாரத்தில் அளக்க வேண்டாம். போர்வெல் மோட்டார் வாங்கப் போகும் நம் ஊர்க்காரர் கிணற்றின் ஆழத்தையும் தண்ணீர் மட்டத்தையும் அளக்காமல் எத்தனை ஹெச்.பி. என்று முடிவு செய்யமாட்டார். மருத்துவக் கருவி என்றதும் அதே மனிதர் விற்பவர் சொன்ன எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வதைத்தான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருந்துகிறேன்.

இந்தப் பயணத்தில் ரயில் இரவுகள் இரண்டுதான். ஓர் இரவுக்குப் போதுமான பேட்டரி இருந்தால், பகலில் ரயில் பெட்டியின் சார்ஜிங் பிளக்கிலேயே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பிளக்கில் வருவது 110 வோல்ட். சார்ஜரில் '100-240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரவில் அந்தப் பிளக்கை நம்பவே கூடாது. தீ விபத்துக்கு அஞ்சி இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்களை அணைத்து வைக்க ரயில்வே முடிவெடுத்தது. தலையணைக்கடியில் செல்பேசியை வைத்து ஏற்றுபவர்களை நினைத்துச் செய்த விதி அது, அதன் காரணத்தை மறுக்கமாட்டேன். ஆனால் சரியாக அந்த ஆறு மணி நேரத்தில்தான் மூச்சுக் கருவிக்காரருக்கு மின்சாரம் வேண்டும் என்பதையும், ஒரு பெட்டிக்கு ஒரு படுக்கைக்காவது இணைப்பு விடலாம் என்பதையும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சில பெட்டிகளில் இரவிலும் இணைப்பு இருக்கும். அது உங்கள் பெட்டியாக இருக்கும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள்.

விமானத்துக்கு வருவோம். அந்த 720 வாட் ஹவர் பேட்டரி விமானத்தில் கோவைக்குத் திரும்பி வரவே முடியாது. ஒரு பேட்டரி 100 வாட் ஹவர் வரை இருந்தால் கேபின் பையில் எடுத்துச் செல்லலாம். 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் கேபின் பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. "டாக்டர் லெட்டர் இருந்தா எதையும் விட்டுருவாங்க" என்று விற்பவர் சொல்வது பொய். என்னிடம் வரும் காங்கேயத்துக் குடும்பம் ஒன்று அதை நம்பி, பாதுகாப்புச் சோதனையில் பெரிய பேட்டரியை விட்டுவிட்டு வந்தது. தனியாக எடுத்துச் செல்லும் எந்த லித்தியம் பேட்டரியும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தபோது, பயணி ஒருவரின் பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கெடுபிடி கூடியிருப்பதில் நியாயம் உண்டு.

ஆகவே 90 முதல் 100 வாட் ஹவருக்குள், அந்த எண் உடலிலேயே தெளிவாக அச்சிட்ட பேட்டரி ஒன்று போதும். உங்கள் மீட்டர் 80-ஐத் தாண்டிக் காட்டினால் அதே அளவில் இரண்டாக வாங்குங்கள். கருவிக்கு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து, பேட்டரியிலிருந்து நேராகக் கருவிக்கு மின்சாரம் கொண்டு செல்லும், அந்த மாடலுக்கே உரிய டிசி கேபிளையும் கேளுங்கள். வீட்டுப் பிளக் போன்ற துளை உள்ள பேட்டரியில் மின்சாரத்தை மாற்றும்போதே ஒரு பங்கு வீணாகிறது.

எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர் ஹவர்) கணக்கில் விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் ஹவர், அவ்வளவுதான். 'மெடிக்கல் கிரேடு' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பேட்டரியைச் சென்ற ஆண்டு என் மேசையில் பிரித்தேன். நீல உறைக்குள் இரண்டு நிறத்தில் பழைய லேப்டாப் செல்கள். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யாமல் சால்டரிங் அயனால் ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு செல்லின் உறை அந்தச் சூட்டில் சுருங்கியிருந்தது. அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் ஒரு பெரியவர் நான்கு மாதம் தூங்கியிருக்கிறார். பேட்டரிச் செல்லுக்கு ஐ.எஸ். 16046 என்ற தர எண் இருக்கிறது; பேட்டரியின் மேல் அதையும், 'R' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் தேடுங்கள். பில் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் தூக்க மூச்சுத்தடைக்காகச் சிபாப் வைப்பவருக்கு. அவருக்கு ஓர் இரவு பாதியில் பேட்டரி தீர்ந்தால் குறட்டையும் மறுநாள் அசதியும் வரும். வழக்கமாக உடனடி ஆபத்து இல்லை. தசைத் தளர்ச்சியாலோ, நுரையீரல் நோயில் கரியமில வாயு தேங்குவதாலோ பைபாப் (மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வேறு வேறு அழுத்தம் தரும் கருவி) அல்லது வென்டிலேட்டர் வைத்திருப்பவரின் நிலை வேறு. அவர் உடலுக்கு அந்தக் கருவி மூச்சு விடும் வேலையில் ஒரு பங்கையே செய்து தருகிறது. அவர் கருவியின் அமைப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஈரப்பதத்தைக்கூடத் தானாக அணைக்கக் கூடாது. அளந்த தேவையைப் போல இரண்டு மடங்கு பேட்டரி, அதையும் தனித்தனிப் பேட்டரிகளாக, துணைக்கு விழித்திருக்க ஓர் ஆள் இவை இல்லாமல் ரயிலேறக் கூடாது. உங்கள் அப்புச்சியின் மருந்துச் சீட்டில் சிபாப் என்றுதான் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொன்ன பெயர் போதாது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டிலேயே ஓர் இரவு பேட்டரியில் மட்டும் தூங்கச் சொல்லுங்கள். பேட்டரியைப் போர்வைக்குள் வைக்காமல் தரையில் வைத்து, காலையில் எத்தனை விளக்குப் புள்ளி மிச்சம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை என்றால் இரண்டாவது பேட்டரி வாங்க அந்த வாரம் கையில் இருக்கும்.