எத்தனை பவுண்டு ஸ்பிரிங்? வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருப்பது 5 அங்குலக் குழல் கொண்ட 1911 பிஸ்டல், .45 ஏசிபி தோட்டாவுக்கானது. ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி) அடிபடாமல் இருக்கட்டும் என்று, ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை 18.5 பவுண்டாகப் போட்டேன். இப்போது கடைசித் தோட்டா போன பிறகு ஸ்லைடு (சுட்டதும் பின்னால் ஓடித் திரும்பும் மேல்பகுதி) திறந்து நிற்பதில்லை. சில சமயம் அடுத்த தோட்டா மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு சிக்குகிறது. தோட்டாக்களை அடுக்கும் மேகஸின் கெட்டுவிட்டதா?

பதில்: மேகஸினைக் குறை சொல்லுமுன் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிஸ்டலுக்குத் தொழிற்சாலை அளவு 16 பவுண்டு. 230 கிரெய்ன் எடைக் குண்டு போட்ட வழக்கமான தோட்டாவுக்கு அதுவே போதும். 4.25 அங்குலக் குழல் கொண்ட கமாண்டர் மாடலுக்கு 18 பவுண்டு என்று படித்துவிட்டு அதை 5 அங்குலத்துக்கும் போடுகிறவர்கள் உண்டு. அங்கே ஸ்லைடு எடை குறைவு, ஓடும் தூரமும் குறைவு. அதனால்தான் அந்த 18.

ஸ்பிரிங் கடினமானால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஸ்லைடு முழுத்தூரம் பின்னால் போகாமலே திரும்பலாம். முழுக்கப் போனாலும், திரும்பும் வேகம் கூடிவிடும். காலியான மேகஸினின் ஃபாலோயர் (தோட்டாக்களைக் கீழிருந்து தள்ளும் தட்டு), ஸ்லைடைத் திறந்த நிலையில் பிடிக்கும் ஸ்லைடு ஸ்டாப்பை மேலே தள்ள ஒரு கணம் வேண்டும். அந்தக் கணம் கிடைக்காவிட்டால் ஸ்லைடு நிற்காமல் மூடிக்கொள்ளும். தோட்டா மேலே ஏறி நேராக உட்காருமுன்பே ஸ்லைடு வந்து தள்ளினால் மூக்கு கவிழும். இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்.

ஃபிரேமைக் காப்பாற்றுகிறது என்ற கணக்கும் பாதிதான் சரி. பின்பக்க அடி குறையும். முன்பக்க அடி கூடும். அந்த அடியை வாங்குவது குழலின் அடிப்பாதமும் ஸ்லைடு ஸ்டாப்பின் ஊசியும். ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்முனையைக் குத்தும் ஊசி) தானாக முன்னால் ஓடாமல் தடுக்கும் பிளாக் இல்லாத மாடலில், ஸ்லைடு வேகமாக மூடும்போது ஃபயரிங் பின் தன் வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். அதனால் கடினமான ரீகாயில் ஸ்பிரிங் போட்டால் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும் கூடவே புதிதாக, சற்றுக் கடினமானதாக மாற்ற வேண்டும்.

ஃபயரிங் பின்னைத் தட்டும் ஹேமரை இயக்குகிற மெயின்ஸ்பிரிங்கையும் கணக்கில் சேருங்கள். ஸ்லைடு பின்னால் போகும்போது ஹேமரையும் மடக்கிக்கொண்டுதான் போகிறது. யாராவது விசையை (ட்ரிகரை) மென்மையாக்க வழக்கமான 23 பவுண்டுக்குப் பதில் 19 போட்டிருந்தால், ஸ்லைடு முன்னைவிடச் சீக்கிரம் திறக்கும். பிறகு காலித் தோட்டா வெகுதூரம் பறக்கிறதே என்று ரீகாயில் ஸ்பிரிங்கைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்று: கழற்றும்போது முன்னால் ஸ்பிரிங்கை மூடியிருக்கும் பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே, குழல் முனையைச் சுற்றியிருக்கும் புஷிங்கைத் திருப்புங்கள். விட்டால் நேரே கண்ணுக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களின் 16 பவுண்டு ஸ்பிரிங் வாங்கினேன். நீளமும் சுருள் எண்ணிக்கையும் வேறுவேறாக இருக்கின்றன. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். உறையில் போட்டிருக்கும் எண், ஸ்லைடு முழுக்கப் பின்னால் போன நிலையில் ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தம். சும்மா கிடக்கும்போது எவ்வளவு நீளம் என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. கம்பித் தடிமன், சுருள் எண்ணிக்கை, வெளி விட்டம் மூன்றும் மாறினால் நீளமும் மாறும். ஒரே நிறுவனத்தின் பழைய, புதிய ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் நீளம் எதையாவது சொல்லும். பழையது பல சுருள் அளவுக்குக் குட்டையாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நீங்கள் பார்க்க வேண்டியது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்பதை. சுருள் எண்ணிக்கையைக் கம்பித் தடிமனால் பெருக்குங்கள். 30 சுருள், 1.1 மில்லிமீட்டர் கம்பி என்றால் 33 மில்லிமீட்டர். ஸ்லைடு முழுக்கத் திறந்தபோது ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் இடம் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். முழுநீள கைடு ராடு (ஸ்பிரிங்குக்கு நடுவே போகும் தண்டு) அல்லது அதிர்வு தாங்கும் ரப்பர் துண்டு போட்டவர்களுக்கு இந்த இடம் குறைந்திருக்கும்.

கையால் பார்க்க ஒரு வழி: மேகஸினை எடுத்து, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ரீகாயில் ஸ்பிரிங் இல்லாமல் ஸ்லைடைப் பூட்டி, முடிந்தவரை பின்னால் இழுத்து, அது நிற்கும் இடத்தில் ஃபிரேமில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஸ்பிரிங்கைப் போட்டு மறுபடி இழுங்கள். அதே கோட்டைத் தொட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்பே நின்றாலும் அந்த ஸ்பிரிங் வேண்டாம். சுருள்கள் முட்டி நின்றால் அடி கைடு ராடுக்கும் பிளக்குக்கும் போகும்.

நீளமாக இருக்கிறதே என்று ஒரு சுருளை வெட்டிவிடாதீர்கள். முன்னழுத்தம் குறைந்துவிடும். வெட்டிய முனை தட்டையாக உட்காராது, கைடு ராடைக் கீறும்.

கேள்வி: என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை கிளாக் 17 பிஸ்டல். நண்பரிடம் நான்காம் தலைமுறையின் ரீகாயில் ஸ்பிரிங் உபரியாக இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. நான்காம் தலைமுறையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங். ஸ்லைடின் முன்பக்கத் துளையும் அதற்கேற்பப் பெரிது. உங்களுடையது ஒற்றை ஸ்பிரிங். தலைமுறையும் மாடல் எண்ணும் பார்த்து, ராடோடு சேர்ந்த முழுத் தொகுப்பாகவே வாங்குங்கள்.

பழையது தேறுமா என்று பார்க்க: காலி பிஸ்டலின் முனையை மேல்நோக்கிச் சாய்த்து, விசையை அழுத்தியபடியே வைத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்து மெதுவாக விடுங்கள். கடைசி இழை வரை தானாக மூடினால் தேறியது. இடையில் தொங்கினால் மாற்றுங்கள். ஸ்பிரிங் நல்லதா என்பதை மூடும் கடைசி சில மில்லிமீட்டர்தான் சொல்லும். அதிலும் இந்த வகையில் ஸ்ட்ரைக்கரின் (ஹேமருக்குப் பதில் தோட்டாவை நேரே குத்தும் ஊசி) ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கிறது. லேசான ரீகாயில் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டால், விசையை அழுத்தும்போதே ஸ்லைடு லேசாகத் திறந்துகொள்ளும்.

கேள்வி: பெரெட்டா 92 பிஸ்டலில் விசையை மென்மையாக்க ஹேமர் ஸ்பிரிங்கை மாற்றினேன். பத்தில் ஒன்று வெடிப்பதில்லை.

பதில்: தோட்டாவின் பின்முனையில் இருக்கும், வெடிப்பைத் தொடங்கும் பிரைமரில் விழுந்த குழியைப் பாருங்கள். ஆழமில்லாமல் இருந்தால் அடி போதவில்லை. பிரைமர்கள் எல்லாம் ஒரே மென்மை இல்லை. ஒரு நிறுவனத்தின் தோட்டாவில் ஓடும் ஸ்பிரிங் இன்னொன்றில் தடுக்கும். வழக்கமான 20 பவுண்டிலிருந்து, 92டி மாடலுக்கான 16 பவுண்டு ஸ்பிரிங்குக்கு இறங்குவது பரவலாகச் செய்யும் மாற்றம். அதற்கும் கீழே போனவர்கள் தோட்டாவைப் பொறுக்கித்தான் வாங்க வேண்டும். தற்காப்புக்கு வைத்திருந்தால் பழையதையே திரும்பப் போடுங்கள். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காமல், முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து அரை நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: மேகஸினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளருமா?

பதில்: நல்ல கம்பியில் சுற்றிய ஸ்பிரிங்கைத் தேய்ப்பது அழுங்கிக் கிடப்பதைவிட அழுங்கி விரிவதுதான். தோட்டாக்களை மேலே தள்ளும் வேகம் குறைந்தால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுங்கள். போடும்போது பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே. தலைகீழாகப் போனால் ஃபாலோயர் சாய்ந்து நிற்கும்.