அறுபதாயிரம் வேண்டாம், ஒரு நல்ல ஹெட்போன் போதும்

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. பி.காம் முடித்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே மாலைக்கண். இப்போது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று சொல்லி, பார்வை இன்னும் சுருங்கிக்கொண்டே போகும் என்கிறார் டாக்டர். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் போட்டால் கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம் என்று கேள்விப்பட்டுக் கடையில் விசாரித்தோம். அறுபதாயிரம் ரூபாய் என்றார்கள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், அதுவும் இப்போது ஒரு போகம்தான். குறைந்த செலவில் வழி உண்டா? தமிழும் படிக்குமா? வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது.
பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அறுபதாயிரத்தைக் கட்டாதீர்கள். தம்பிக்கு வேண்டியது இலவசமாகவே கிடைக்கிறது. என்விடிஏ என்று பெயர். உங்கள் தம்பிக்கு வந்த அதே நோயால் பார்வை போனவன்தான் நானும். தஞ்சாவூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பதிலையும் என்விடிஏ காதில் சொல்லச் சொல்லத்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

கடைக்காரர் விலை சொன்னது அநேகமாக ஜாஸ் என்ற மென்பொருளுக்காக இருக்கும். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் தொடங்கியது. 1989 முதல் இருக்கிறது. நல்ல மென்பொருள், அதில் சந்தேகமில்லை. சில கம்பெனிகளின் தனி மென்பொருள்களுக்கு ஏற்றபடி அதை மாற்றியமைத்துக்கொள்ளலாம் என்பதால் பெரிய அலுவலகங்களில் வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் வேலை கிடைத்தால் அவர்களே வாங்கித் தரட்டும். காசு கட்டாமல் சோதனைக்குப் போட்டால் 40 நிமிடம் ஓடும், அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துத் தொடங்க வேண்டும். "கிராக் செய்து போட்டுத் தருகிறேன், மூவாயிரம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அது தவறு என்பது ஒரு பக்கம். வைரஸ் வந்து ஒருநாள் பேச்சு நின்றுவிட்டால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் தம்பி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

என்விடிஏவை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர். நண்பர் ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள், சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமானவர்கள். கம்ப்யூட்டரை விட அதைப் பேச வைக்கும் மென்பொருளுக்கு விலை அதிகம் என்ற நிலையை மாற்றத்தான் இறங்கினார்கள். அதனால் இலவசம் என்றதும் மட்டமாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். பயன்படுத்துகிறவர்களே செய்த பொருள் இது.

இறக்குவதற்கு என்வி ஆக்சஸ் என்ற அவர்களுடைய தளத்துக்கே போங்கள். இறக்கும் இடத்தில் நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும். பலர் அதைப் பார்த்துக் காசு கட்டினால்தான் கிடைக்கும் என்று திரும்பிவிடுகிறார்கள். இந்த முறை வேண்டாம் என்று தேர்வு செய்தாலும் முழு மென்பொருளும் கிடைக்கும். தம்பி சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு கொடுக்கட்டும். இறங்கிய கோப்பைத் திறந்தால் சின்னதாக ஓர் இசை கேட்கும், உடனே பேச ஆரம்பித்துவிடும். அதனால் பார்வை இல்லாதவரே தனியாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் தற்காலிகமாக ஒரு குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நரேட்டர் என்ற வாசிப்பான் கூடவே வருகிறது. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுந்துவிடும். உங்கள் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால் என்விடிஏவின் 2023.3.4 என்ற பழைய பதிப்பைத் தேடி இறக்க வேண்டும். அதற்குப் பிந்தியவை அதில் ஓடாது.

லேப்டாப் என்பதால் இரண்டு மாற்றம். போட்டு முடித்ததும் முதலில் வரும் வரவேற்புப் பெட்டியில் விசைப்பலகையை லேப்டாப் என்று மாற்றி, கேப்ஸ் லாக் விசையை என்விடிஏ விசையாக வைத்துவிடுங்கள். இனி எல்லாக் கட்டளையும் அதைப் பிடித்துக்கொண்டுதான். கேப்ஸ் லாக்குடன் டி அழுத்தினால் எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று சொல்லும். கேப்ஸ் லாக்குடன் ஏ அழுத்தினால் இருக்கும் இடத்திலிருந்து கடைசிவரை படிக்கும். பேச்சை நிறுத்த கன்ட்ரோல். இவற்றையெல்லாம் விட முதல் வாரத்துக்கு முக்கியமானது கேப்ஸ் லாக்குடன் 1. அதை அழுத்திய பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், வேறொன்றும் நடக்காது. எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் விசைப்பலகை முழுவதும் தடவிப் பழகலாம்.

எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும். பழைய லேப்டாப்பில் தேய்ந்து போயிருந்தால் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் காயவிடுங்கள். ஆட்காட்டி விரல்கள் இரண்டும் எப்போதும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தால் மூன்று மாதம் அனுப்பிவையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் விரல் பழகியவர்கள் இரண்டே வாரத்தில் ஓடுகிறார்கள், பழகாதவர்கள் இரண்டு மாதம் திணறுகிறார்கள். மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் இந்த ஃபீஸைக் கட்டுங்கள். அப்புறம் ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்று. ப்ளூடூத் வேண்டாம், விசையை அழுத்திய பிறகு ஒரு கணம் தாமதித்துக் குரல் வரும், வேகமாக வேலை செய்ய விடாது.

இனி உங்கள் தமிழ்க் கேள்வி. தமிழ் படிக்கும். என்விடிஏவுடனேயே ஈஸ்பீக் என்ற குரல் வருகிறது, அதில் தமிழ் உண்டு. கரகரவென்று இயந்திரம் பேசுவது போலிருக்கும், முதல் நாள் யாருக்கும் பிடிக்காது. விண்டோஸ் 10, 11 என்றால் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, பேச்சு வசதியையும் இறக்குங்கள். வள்ளுவர் என்ற பெயரில் ஓர் ஆண் குரல் வரும். கேப்ஸ் லாக், கன்ட்ரோல், எஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்துகொண்டால் அதில் படிக்கும். நீளமான தமிழ்க் கட்டுரை கேட்க வள்ளுவர் சுகமானது. ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சட்டென்று பதில் சொல்வது ஈஸ்பீக்தான். நான் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

தமிழில் உண்மையான சிக்கல் குரல் இல்லை, எழுத்துரு. போன மாதம் ஒரு மாணவருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் அறிவிப்பு வந்தது. திறந்தால் பொருளே இல்லாத சத்தம். கர்சரை எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டோம்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி எழுத்துருவில் அதுதான் "தமிழ்" என்ற சொல். கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது, உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரை வாசிப்பான் திரையின் படத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று விண்டோஸைக் கேட்டுத்தான் படிக்கிறது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோட் என்ற பொது முறையில் அடித்திருந்தால் மட்டுமே அதற்குத் தமிழ் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அப்படி வந்தால் எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டி யூனிகோடாக்கிப் படிக்கலாம். அதோடு விடாமல், அனுப்பியவருக்கே யூனிகோடில் அனுப்புங்கள் என்று தம்பி ஒரு வரி எழுதட்டும். நான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், சிலர் மாறியிருக்கிறார்கள். தம்பி தமிழ் தட்டச்சு கற்கும்போதும் நேராக யூனிகோடில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கற்கட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃபும் இதே கதைதான், அது வெறும் படம்.

யூனிகோடில் இருப்பது எல்லாம் அவருக்குத் திறந்துகிடக்கிறது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் இலவசமாக இருக்கிறது. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பார்வையற்றவர்கள் உறுப்பினராகிப் புத்தகம் எடுக்கலாம்.

ஒரு விஷயத்தை அக்கா என்ற முறையில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகிவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் இரண்டு மூன்று எழுத்துகள்தான் அடங்கும். அதனால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணை வருத்திக் காலத்தை ஓட்ட வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்துக்கொள்ளலாம், அது கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் என்விடிஏவை இன்றைக்கே பழகட்டும், பழகும் நேரத்தில் திரையை அணைத்துவிடட்டும். திரை எரிந்தால் கண் அதைத்தான் தேடும், காது வேலைக்கு வராது. நான் கடைசிச் சொட்டுப் பார்வை இருக்கும்வரை திரையோடு மல்லுக்கட்டினேன். இரண்டு வருடம் வீணாயிற்று. அந்த இரண்டு வருடம் தம்பிக்கு மிச்சமாகட்டும்.

அரசு வழியையும் பார்த்துவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், கருவிகளுக்கான உதவித் திட்டங்களையும் அங்கேயே கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத இடம் உண்டு. அதில் 1 சதவீதம் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும்.

லேப்டாப் பேட்டரி நிற்கவில்லையென்றால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, மறக்க முடியுமா? சாதாரண நாளிலும் தட்டச்சின் நடுவே கரண்ட் போனால் பார்வையற்றவருக்கு எங்கே விட்டோம் என்று பிடிப்பதே பாடு.

பத்து நாள் கழித்துத் தம்பியையே எனக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். தமிழில், யூனிகோடில், அவரே தட்டச்சு செய்து, திருத்தாமல். எங்கே விரல் தடுமாறுகிறது, எங்கே காது தவறவிடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து என்ன பழக வேண்டும் என்று அவருக்கே எழுதுகிறேன்.