அசலா, நகலா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: லண்டனிலிருந்து வந்த உறவினர் ‘லோட்டஸ் லெவன்’ என்று ஒரு காரின் படத்தைக் காட்டினார். பெயர்ப் பட்டையிலோ வெஸ்ட்ஃபீல்ட் என்று இருக்கிறது. யார் இவர்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: கார் நகல்தான், ஆனால் மரியாதையான நகல். கிறிஸ் ஸ்மித் 1982-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சின்னக் கம்பெனி வெஸ்ட்ஃபீல்ட். அவர்களுடைய முதல் காரே, 1956-ல் வந்த லோட்டஸ் லெவன் என்ற பந்தயக் காரின் நகல். அசலில் அலுமினியம் பாடி, இதில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழையில் ரெசின் (பிசின்) ஊற்றிச் செய்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் எம்.ஜி. மிட்ஜெட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் பழைய வண்டிகளில் கழற்றியவை. மிட்ஜெட்டின் பாடிதான் துருப்பிடித்துக் கொட்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கழிவுதான் கம்பெனிக்கு மூலதனம்.

அடுத்து லோட்டஸ் செவனை அச்சு அசலாகச் செய்தார்கள். அங்கே வம்பு வந்தது. செவனைத் தயாரிக்கும் உரிமையை 1973-லேயே கேட்டர்ஹாம் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கம்பெனி வாங்கியிருந்தது, அது வழக்குத் தொடுத்தது. 1980-களின் கடைசியில் வெஸ்ட்ஃபீல்ட் உருவத்தை மாற்றி, ஃபைபர் பாடியும் நான்கு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷனும் கொடுத்தது. வழக்குக்கு முந்தைய கார்களை இன்றும் ‘ப்ரீ-லிட்’ என்று தனியாகத் தேடி வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், கம்பெனிக்கென்று சொந்த முகம் வந்ததே அந்த வழக்கால்தான். பிறகு ஃபோர்டு சியரா, மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்று எந்தப் பழைய கார் மலிவாகக் கிடைத்ததோ அதற்கேற்ப சேஸிஸை (அடிச்சட்டத்தை) மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2022-ல் கம்பெனி நொடித்து, திவால் நடவடிக்கைக்கென நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கைக்குப் போனது.

அசலைக் கண்டுபிடிக்கக் காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். அலுமினியத்திலும் ஒட்டாது, ஃபைபரிலும் ஒட்டாது. பானெட்டைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள். நார் நாராக மேட் (கண்ணாடி இழை விரிப்பு) தெரிந்தால் ஃபைபர்.

கேள்வி: வீட்டு ஷெட்டில் அப்பச்சியின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. அதன்மேல் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஃபைபர் பாடி ஏற்றலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஏற்ற முடியும், ஏற்றக் கூடாது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் இருப்பதால், இங்கிலாந்தில் ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி போன்ற கிட் கார்கள் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார்கள்) அதன்மேல்தான் வந்தன. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தவிர, 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ எழுத்துடன் கிடைக்கும் விண்டேஜ் பதிவும் போய்விடும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருந்தால் அது கிடையாது.

அப்படியே ஓட்டுங்கள். முன் சக்கரம் திரும்பும் மரை மூட்டான ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்காமல் ஈ.பி.90 கியர் ஆயில் விடச் சொல்லுங்கள். கிரீஸ் இறுகினால் மரைக்குள் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். ஒரு நாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த இடத்தில் முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும்.

கேள்வி: ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். கார் பம்பர், ஃபெண்டர் செய்யும்போது ஜெல்கோட் முதலைத் தோல் மாதிரி சுருங்குகிறது. ஏன்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஜெல்கோட் என்பது மோல்டில் முதலில் பூசும் வெளிப்பூச்சு. பெரும்பாலும் அது மெல்லிசாகப் போயிருக்கும், அல்லது அது வேகுமுன் (இறுகுமுன்) மேட் போட்டிருப்பீர்கள். பின்னால் வரும் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான், வேகாத ஜெல்கோட்டை ஊறவைத்துத் தூக்கிவிடும். 0.5 மி.மீ. கனம் வேண்டும், சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிராம் பிடிக்கும். மூலைகளில்தான் கனம் குறையும், பிரஷ்ஷால் இன்னொரு தடவை இழுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக் கூடாது. அதன்பிறகு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒன்று, 450 கிராம் மேட் இரண்டு. மேட்டின் எடையைப்போல் இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ரெசின்.

சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கும் திரவத்தை) ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். உள்ளே வேகாமலே நின்றுவிடும். அதற்குப் பதில் விடியற்காலையில், மோல்டை நிழலில் வைத்து வேலை செய்யுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு கேனையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.