டாக்டரிடம் கேளுங்கள்: காய்ச்சல் விட்ட அன்றுதான் கவனம்

கேள்வி: போன மாதம் என் ஒன்பது வயதுப் பையனுக்கு டெங்கு வந்தது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. அப்புறமும் இரண்டு நாள் தினமும் கூட்டி வரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். ஊசி ஒன்றுகூடப் போடவில்லை. காய்ச்சல் விட்ட பிள்ளையை ஏன் அலைய வைக்கிறார்கள் என்று மாமியார் சத்தம் போட்டார். பப்பாளி இலைச் சாறும் கொடுத்தார். சரிதானா?
- வாசகி, புதுப்பாளையம், கடலூர்

பதில்: உங்கள் டாக்டர் செய்தது சரி, அம்மா. டெங்குவில் காய்ச்சல் கொதிக்கும் நாளைவிட, அது இறங்கும் நாளைத்தான் நான் பயந்து பார்ப்பேன். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். அப்போது சிலருக்கு மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர் வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்கிவிடும். ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் சரியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் தினமும் ரத்தம் எடுத்தார்கள்.

பல வருடங்களுக்கு முன் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா ஏழு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ஜுரம் நேத்தே விட்டுடுச்சு டாக்டர். தூங்கிக்கிட்டே இருக்கா, அசதின்னு எழுப்பல" என்றார். பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. விரல் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அவளுக்கு ஐந்து ஆனது. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை. சலைன் ஏற்றிக்கொண்டே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்த அம்மாவிடமும், "காய்ச்சல் விட்டதும் எனக்குக் காட்டுங்கள்" என்று இரண்டு தடவை சொல்கிறேன்.

வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஊசி போடாததும் நல்லதே. டெங்கு வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருக்கும்போது இடுப்பில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும். புரூஃபென், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது. கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய பெரிய வைத்தியம். பப்பாளிச் சாற்றை நான் கொடுக்கச் சொல்வதில்லை. அந்தக் கசப்புக்குப் பிள்ளை வாந்தி எடுத்தால், அது சாற்றாலா நோயாலா என்று எங்களுக்கே தெரியாமல் போகும்.

இன்னொன்று. டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த வகைதான் நெடுநாள் அண்டாது. வேறு வகை இரண்டாம் முறை வந்தால் கடுமையாகலாம். அதனால் அடுத்த காய்ச்சலில் "இவனுக்கு முன்பே டெங்கு வந்திருக்கிறது" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாரம் தவறாமல் டிரம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்கிறோம். மாலை ஆறு மணிக்கே ஜன்னலையும் சாத்துகிறோம். அப்படியும் கொசுப் புழு வருகிறதே?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, ஐயா. காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும்தான் அதற்கு வேகம். ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தும்போது அது கடித்து முடித்திருக்கும்.

டிரம் விஷயம் இதுதான்: அது முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள், மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கொட்டினால் போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரோ பிரஷோ வைத்து உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு, துணி கட்டி மூடுங்கள். நம் ஊர் இந்திரா நகர் கொசு ஆராய்ச்சி மையத்தில், டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தார்கள். எனக்கு அதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் உங்கள் டிரம்முக்கு இந்த வாரமே பிரஷ் வேண்டும். அப்படியே ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டையும் இழுத்துப் பாருங்கள். பல வீடுகளில் புழுவை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன்.